முதுகில் தலைகீழாகத் தொங்கிய கிளிகள்

போன மாதம் பேத்தி என்னை ஒரு துணிக் கண்காட்சிக்கு இழுத்துப் போனாள். இராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, படிப்பு முடித்த இளம் டிசைனர்கள் ஆளுக்கொரு மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பெண் சட்டையில் பலாப்பழத்தை அச்சடித்திருந்தாள். பொடிப்பொடியாக இல்லை, ஒரு சட்டைக்கு ஒரு பழம். பின்புலம் நல்ல கத்திரிப்பூ நிறம். நான் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். "தாத்தா, அது திங்கிற பழம் இல்ல" என்றாள் பேத்தி. நான் தேடியது மண்ணெண்ணெய் வாடையை. அது வரவில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் அச்சாம்.

துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது சாயத்தைப் பசையாக்க மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்குவோம். பசையைச் சட்டத்தில் கட்டிய திரை வழியே இழுத்தால் துணியில் பூ விழும். பூ வெயிலில் காய்ந்து வாடை போய்விடும், எங்கள் மேல் ஒட்டியது மட்டும் போகாது. டீக்கடையில் நான் போய் நின்றால் யாராவது ஒருவர், "அண்ணாச்சி, பீடியப் பத்தவைக்கணும், செத்த தள்ளி நில்லுங்க" என்பார். என் திருமணப் பேச்சுக்கு வந்தவர்கள்கூட, மாப்பிள்ளைக்கு ஸ்டவ் ரிப்பேர் வேலையா என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

அதற்கு முன்னால் என் வாழ்க்கை முழுக்க வெள்ளை. அப்பா பேண்டேஜ் துணி செய்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். பிளீச்சிங் பவுடர் வாடையில்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் வெள்ளைத் துணி காயும். எங்கள் தொழிலில் நிறம் என்றாலே குற்றம். ஒரு மஞ்சள் பொட்டு விழுந்தாலும் அந்தக் கட்டு திரும்பி வந்துவிடும். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு வந்தவனுக்கு அந்த வெள்ளை அலுத்துப்போயிற்று. கொட்டகையின் பின்பக்கம் நீளமாக ஒரு மேஜை போட்டு, நைட்டித் துணி அச்சடிக்க ஆரம்பித்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "அழுக்காக்குறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எண்பதுகளின் கடைசி அது. நைட்டி எங்கள் பக்கம் அப்போதுதான் வந்திருந்தது. பெண்கள் அதை வீட்டுக்குள் போடுவார்கள், வாசலுக்கு வந்தால் தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு இருந்துவிட்டால் குழாயடி, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் எங்கும் போகலாம் என்று ஊரே பேசாமல் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் நைட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி சாம்பலும் பழுப்புமாக, கடுகளவு பூப் போட்டிருக்கும். சேலை, பாவாடைத் துணியிலோ நிறத்துக்கும் பருவம் உண்டு. ஒரு தீபாவளிக்கு ராணி கலர் என்றால் ஊரே ராணி கலர், அடுத்த வருஷம் கிளிப்பச்சை. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களிடம் சரக்கெடுத்த ஜவுளிக்கடை பாயிடம் ஒரு தடவை கேட்டேன். "நான்தான் தம்பி. போன வருஷம் எந்தக் கலர் மிச்சமோ, இந்த வருஷம் அதுதான் பேஷன்" என்றார்.

பிலோமினா எங்களிடம் வேலைக்கு வந்தது அந்த நாட்களில்தான். மில் தொழிலாளியின் மகள், உடை தைக்கும் படிப்பு முடித்தவள். வந்த அன்றைக்கே நான் பெருமையாகக் காட்டிய பூத்துணிகளைப் புரட்டிப் பார்த்து, "இது பூவா அண்ணாச்சி? அம்மை போட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள். மறுநாள் செய்தித்தாள் அளவுக்கு ஒரு கிளி வரைந்துகொண்டு வந்தாள். செண்பகத்தோப்புப் பக்கம் பார்த்த கிளியாம். மூக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு, உடம்பு பச்சை, பின்னால் கொளுத்துகிற மஞ்சள். இதை உடுத்திக்கொண்டு எந்தப் பொம்பளை வெளியே வருவாள் என்றேன். "நான் வாரேன்" என்றாள்.

வந்தும் விட்டாள். மாதிரிக்கு ஒன்றைத் தானே வெட்டித் தைத்து, சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பாய் முன்னால் போய் நின்றாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பிள்ள, இது மட்டும் ஆடிப்பூரக் கூட்டத்துல போச்சுன்னு வையி, தீபாவளிக்கு அம்புட்டு டிசைனும் நீதான். ஷோகேஸ்ல உன் பேரையே எழுதி வைக்கேன்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள், பேரை எழுதும்போது இனிஷியலோடு எழுதுவார்களா என்று.

இங்கேதான் நான் வருகிறேன். நைட்டிக்கு வெட்டுகிற துணி மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே திசையில் வைத்து வெட்டினால் இடையில் துணி வீணாகும். ஒன்றைத் தலைமாற்றிப் போட்டால் இரண்டும் பொருந்திக்கொள்ளும், துணி வீணாகாது. பிலோமினா தன் அக்காள் கல்யாணத்துக்குப் போகும்போது, "கிளிக்குத் தல மேல இருக்கணும் அண்ணாச்சி. ஒரே திசையாப் போட்டு வெட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பேண்டேஜ்காரன் மகன். வெள்ளைத் துணிக்குத் தலைமாடு ஏது, கால்மாடு ஏது? ஒரு விரற்கடை வீணானாலும் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி கத்திரியோடு வந்து, "தல மாத்திப் போட்டுரவா அண்ணாச்சி?" என்று கேட்டார். "போடும்யா, எதுக்கு வீணாக்கிக்கிட்டு" என்றேன். தைக்கிற பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். ஏதோ சினிமாக் கதை என்று நினைத்தேன்.

பாய் கடையில் கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. முன்பக்கம் கிளி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் வால் கழுத்தில், மூக்கு தரையைப் பார்த்தபடி. அத்தனை நைட்டியிலும் அப்படியே. பாய் முகம் கறுத்தது. "ஆண்டாள் ஊரு தம்பி. இங்க கிளின்னா ஒரு மரியாத இருக்கு. தலகீழாக் கட்டித் தொங்கவிட்டிருக்கீரே, யாரு பாத்த வேல இது?"

நான் சொன்னேன்: "அந்தப் பொண்ணுதான். சின்னப் பிள்ள, விவரம் பத்தல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, சட்டென்று வந்தது. அது சமாதானம் ஆகாது, தெரியும். பாய், "அப்ப தீபாவளிக்கு வேற ஆளப் பாப்போம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த நேரம் சரியாக ஒரு டீச்சர் கடைக்குள் வந்தார். பாய் ஒளிப்பதற்குள் நைட்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாய் மன்னிப்புக் கேட்கிற குரலில், "பின்னால கொஞ்சம் மாறிப்போச்சு டீச்சர்" என்றார். "என்னத்த மாறிப்போச்சு? கொய்யா திங்கிற கிளிய நீங்க பாத்ததே இல்லையா பாய்? தலகீழாத் தொங்கிக்கிட்டுத்தான திங்கும்" என்று சொல்லிவிட்டுத் தனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பாய் அந்த வாசகத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் கொய்யாக் கதைதான். தேர் நிலைக்கு வருவதற்குள் கட்டு காலி.

அதன் பிறகு சில மாதங்கள் எங்கள் ஊர்க் காலைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாயடியில் வரிசையாகப் பெண்கள், வரிசையாக முதுகுகள், முதுகுக்கு ஒரு தொங்குகிற கிளி. துண்டைக்கூட ஒதுக்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள், கிளி மறைகிறதாம். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, "பாகுந்தி, பாகுந்தி" என்று தன் பாஷையில் மெச்சிக்கொண்டே மாமியார், மருமகள் இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கினார். வேறு யூனிட்காரர்கள் மயிலையும் மீனையும் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். மீன் ஓடவில்லை. அது செத்த மீன் மாதிரி இருந்தது.

பாய் என்னைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். "தலகீழா வெட்டுற யோசன யாருக்கு வந்துச்சு தம்பி?" என்றார். இதற்கும் சட்டென்றுதான் பதில் வந்தது. "எனக்குத்தான்." ஷோகேஸ் கண்ணாடிக்குள் அட்டையில் என் பேர் ஏறியது. அதற்குக் கீழே 'டிசைனர்' என்றும் எழுதியிருந்தார்கள். வெண்டைக்காய் வரையச் சொன்னால் மிளகாய் வரைகிற ஆள் நான்.

பிலோமினா அதைப் பார்த்தது நான் கடையில் இருந்த ஒரு நாள்தான். கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் படித்தாள். உள்ளே வந்தாள். நான் வெட்டச் சொன்னதை வேலுச்சாமியும், பழியை அவள் மேல் போட்டதைக் கடைப் பையன்களும் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அழுவாள் என்று பயந்தேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தப்புன்னா என் பேரு, ஓடுச்சுன்னா உங்க பேரா அண்ணாச்சி? நல்லா இருக்கே ஞாயம்" என்றாள். பிறகு பாய் பக்கம் திரும்பி, கிளி யாருடையது, ஒரே திசையில் வெட்டச் சொன்னது யார், தலைமாற்றச் சொன்னது யார் என்று வரிசையாகச் சொன்னாள். பாய் என்னைப் பார்த்தார். நான் ஒரு துணியை எடுத்து, யாரும் கேட்காமலே அளந்துகொண்டிருந்தேன்.

பாய் அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் பேரை இனிஷியலோடு தன் கையாலேயே எழுதினார். அந்தத் தீபாவளிக்கு அவள் அரக்கு நிறத்தில் மஞ்சள் பூசணிப்பூ போட்டாள், தாம்பாளம் அளவுக்கு. எப்படித் திருப்பி வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கிற பூ. "உங்களுக்காகத்தான் அண்ணாச்சி" என்று வேலுச்சாமி எதிரிலேயே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கேட்கவில்லை. தொண்ணூறுகள் பிறந்ததும் அவள் திருப்பூர்ப் பக்கம் பெரிய கம்பெனிக்கு வரைவதற்குப் போய்விட்டாள். அவள் போனபிறகு நானே மாங்காய் ஒன்று வரைந்து அச்சடித்தேன். வாங்கியவர்கள் அதைச் சிறுநீரகம் என்றார்கள்.

மேஜை மறுபடியும் பேண்டேஜ் மடிக்கிற மேஜையானது, பின்னால் கொட்டகையே இல்லாமல் போனது. வேலுச்சாமி மாஸ்டர் இறந்துவிட்டார். பாயும் இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அங்கே எல்லோர் முன்னாலும் அவளே சொல்ல வேண்டியிருந்ததை நான் இங்கே சொல்கிறேன். கிளியை வரைந்தது பிலோமினா. தலைமாற்றி வெட்டச் சொன்னது நான், துணி மிச்சம் பிடிக்க. இதைக் கேட்டு, "அதான் தெரியுமே தம்பி" என்று சொல்லக்கூட இப்போது அந்தக் கடையில் ஆள் இல்லை.