வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

எமிரேட்ஸில், ராசல்கைமாவில் பம்பு மாட்டும் வேலையில் இருந்தபோது எனக்கு மலை என்றாலே எரிச்சல். சிவகங்கைக்காரனுக்கு வெயில் புதிதல்ல. ஆனால் அங்கே பாறையும் சேர்ந்து சுடும். எங்கள் லாரி டிரைவருக்கோ அந்த மொட்டை மலையைக் கண்டாலே முகம் மலர்ந்துவிடும். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "பச்சையா இருந்தா என்ன, காஞ்சு கெடந்தா என்ன, மலைன்னா மலைதான் தம்பி" என்பார்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவர் ராசல்கைமாவில் இருந்தார். குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. அவர் பார்த்ததெல்லாம் போட்டோதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முதலாளி தலையாட்டிய லீவை மேனேஜர் இருமுறை தட்டிவிட்டார். ஒருவழியாக லீவு கிடைத்து டிக்கெட்டும் வந்து, அடுத்த வாரம் விமானம் என்றிருந்த நேரத்தில்தான் மலைமேல் ஒரு கிராமத்துக்குப் பம்பு கொண்டுபோகும் டூட்டி எங்களுக்கு வந்தது.

அந்த மலையில் எல்லைத் தகராறு இருந்தது. எமிரேட்ஸ் எங்கே முடிகிறது, ஓமான் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். வேலி கிடையாது, செக்போஸ்ட் கிடையாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கென்றே எங்கள் ரூமில் ஒரு கிளார்க் இருந்தார். அந்தப் பக்கமே போகாதவர், ஆனால் எல்லாம் தெரிந்தவர். "மேல ஒரு வெள்ளக் கல்லு இருக்கும். அதத் தாண்டுனா வேற நாடு. பாஸ்போர்ட் இல்லாம புடிச்சான்னா நேரா ஜெயிலுதான். அப்புறம் லீவாவது ஒண்ணாவது!"

எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் விசா கொடுத்த கஃபீலின் இரும்பு அலமாரியில் தூங்கின. கையில் லேபர் கார்டு மட்டும்.

பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். உச்சியில் ஒரு வளைவைக் கடந்ததும் நாலைந்து கல்வீடுகள், ஆட்டுப்பட்டி, மழைநீர்த் தொட்டி. பாதையோரத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு பெரிய கல். அதைப் பார்த்து அவர் பிரேக்கை மிதித்த அதே நேரம் என் போன் கத்தியது. ஓமான் உங்களை வரவேற்கிறது என்று மெசேஜ். பாட்டு நின்றுவிட்டது.

நல்லவேளையாகத் தண்ணீர்த் தொட்டி கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது. பம்பை மாட்டி ஓடவிட்டோம். தண்ணீர் குழாயில் ஏறியதும் அங்கிருந்த ஒரு கல்வீட்டுக்காரர் வந்தார். நடுவயது, வெயிலில் வெந்த முகம், கையில் அந்த மலைக்காரர்கள் தடிபோலப் பிடித்திருக்கும் சின்னக் கோடரி. "யல்லா பாய், கானா தயார்" என்று சாப்பிடக் கூப்பிட்டார். வீடு கல்லுக்கு அந்தப் பக்கம். ஆட்டுக்கறிச் சோற்றின் வாசனை மட்டும் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தது.

அண்ணன் லாரிப் படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நீங்க போய்ச் சாப்பிடுங்க தம்பி. எனக்கு ஏலாது. புள்ளயப் பாக்கணும்."

"அண்ணே, இங்க போலீஸும் இல்ல, ஒரு குருவியும் இல்ல. சும்மா வாங்க" என்றேன். பசியில் எனக்குக் கோபமே வந்தது. அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வீட்டுக்காரரின் முகம் கறுத்தது. நமக்காக ஆடு அறுத்திருக்கிறார். விருந்தாளி வாசலோடு பட்டினியாகத் திரும்பினால் அந்த மலையில் அதைவிட அவமானம் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: பெண் குழந்தை, இவர் இன்னும் பார்த்ததில்லை, அடுத்த வாரம் விமானம், பாஸ்போர்ட் மாஃபி, கையில் இல்லை, அந்தக் கல்லைத் தாண்டப் பயம்.

அவர் கல்லைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு கோடரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் தம்பியைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கல்லைப் புரட்டினார்கள். மேட்டில் உருட்டிக்கொண்டே போய், வீட்டையும் தாண்டி, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். திரும்பி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "கலாஸ்! இப்போது என் வீடு உங்கள் நாட்டில் இருக்கிறது" என்றார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போனை ஆஃப் பண்ணுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

என்ன சாப்பாடு! ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். கறியைப் பிய்த்துப் பிய்த்து அண்ணன் பக்கமே தள்ளினார் வீட்டுக்காரர். சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் வட்டமாக நின்று, நெஞ்சிலிருந்து ஒரு கூவல் போட்டார்கள். விருந்துக்கு அது அவர்கள் மரியாதையாம். மலை அதைத் திருப்பிக் கூவியது. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஆளைக் கூப்பிடுவதுபோல் கைகுவித்து ஒரு 'ஊஊய்' போட்டார். எல்லாரும் சிரித்தோம். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். மலைமீது இருந்த எரிச்சல் அங்கேயே கழன்றுவிட்டது.

அண்ணன் ஊருக்குப் போனார். ஒரு மாதம் கழித்து பம்பைப் பார்க்க நான் வேறொரு டிரைவருடன் மேலே போனேன். வளைவில் வீட்டுக்காரர் உச்சி வெயிலில் நின்று, தலைத்துணியை ஆட்டி லாரி எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று காட்டினார். இறங்கியதும் சலாம்கூட முடியவில்லை, "குழந்தையைப் பார்த்தாரா?" என்றார்.

பார்த்துவிட்டார் என்றேன். முதலில் யாரோ என்று பயந்து அழுததாம். இப்போது தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறதாம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், "வா, கை கொடு" என்று என்னை ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் அழைத்துப்போனார். கல்லைப் பழைய இடத்துக்கே உருட்டி வந்தோம். அப்போதுதான் பார்த்தேன், அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடுகிடு பள்ளம். தண்ணீர் லாரிகள் பின்னால் வந்து திரும்பும்போது அதில் விழாமலிருக்க வைத்த அடையாளக் கல் அது.

"அப்போ எல்லை?" என்றேன்.

மலை முழுவதையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா?"

நம்பியிருக்க மாட்டார்தான். ஆனால் நாங்கள் போன மறுநிமிடமே கல்லைத் திரும்ப வைத்திருக்கலாமே, இத்தனை நாள் லாரிகள் எப்படித் திரும்பின என்று கேட்டேன். அவர் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கை கழுவப் போனார். அவர் தம்பிதான் சொன்னார். விருந்தாளியிடம் எல்லை அங்கே என்று சொல்லியாகிவிட்டது, அவர் குழந்தையைப் பார்த்த செய்தி வரும்வரை யாரும் கல்லைத் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவாம். அதுவரை ஒவ்வொரு லாரிக்கும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வீட்டுக்காரரே வந்து நின்றிருக்கிறார்.