1980இல் வந்த மின்னஞ்சல்

கலாதேவிக்கு ஈப்போவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. அது போதாதென்று, செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து மக்களின் மின்னஞ்சல் குழுவைக் கட்டி மேய்க்கும் தலைவலியும் அவளுக்குத்தான். ஊர் விட்டுப் போனவர்களும் போகாதவர்களும் இத்தனை வருஷம் எழுதிய எல்லாமே அதன் சேமிப்பில் கிடந்தன. பெரும்பாலும் கல்யாணச் சேதி, திருவிழாச் சேதி, மிச்சம் வம்பு.

இப்போது அந்த வம்புக் கிடங்கை நம்பித்தான் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் நின்றன. பல வருஷம் முன்பு காலி பண்ணச் சொன்னபோது யாருமே எதிர்க்கவில்லை என்று கம்பெனி கோர்ட்டில் சாதித்தது. அப்பட்டமான பொய். கெடு முடியும் முன்பே கோயில் தலைவர் பிச்சைமுத்து எதிர்த்து எழுதி, மானேஜருக்கும் குழுவுக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார். அனுப்பிய சைபர் கடைக் கணினியில் கடிகாரம் செத்துக் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கடிதத்தின் தலையில் 1980 ஜனவரி என்று விழுந்துவிட்டது.

"கலா, தேதிய மாத்திடு லா, ஒரு நிமிஷ வேல," என்றார் பிச்சைமுத்து.

"கை வச்சா போலின்னு சொல்லிடுவாங்க மாமா."

ஊர்க்காரர்களின் வக்கீலும் அதையேதான் சொன்னார். யாராவது அதற்கு எழுதிய பதில், சரியான தேதியோடு இருந்தால் போதுமாம். நல்ல யோசனைதான். ஆனால் லயன் வீடுகளில் யார் பதில் எழுதினார்கள்? வாசலில் நின்று குரல் கொடுத்தே பதில் சொன்ன ஜனங்கள்.

தேடியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. குழுவில் பதியாத முகவரியிலிருந்து வந்ததால், யார் கண்ணிலும் படாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பதில். தேதி கச்சிதம். கீழே பிச்சைமுத்துவின் கடிதம் முழுசாக இருந்தது. மேலே இரண்டே வரி.

"பிச்ச, என்ன இதுல சேக்காத. கம்பெனி கலாவ காம்பார் காலேஜ்ல படிக்க வைக்குது, எதிர்க்க மாட்டேன்னு மானேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

எழுதியவர் சின்னையா, கலாதேவியின் அப்பா. கடைசி மூச்சுவரை கம்பெனிக்குப் பணியாதவர் என்று ஊரே கொண்டாடும் மனிதர். கோர்ட்டில் கொடுத்தால் செத்துப்போன அப்பாவின் பேர் போகும். கொடுக்காவிட்டால் அம்மா செல்லாயியின் வீட்டோடு அத்தனை பேர் வீடும் போகும். அப்பா மேல் கோபப்படக்கூட அவளுக்கு வாயில்லை. மார்க்குக்காகக் கிடைத்த உதவித்தொகை என்றல்லவா இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்!

விசாரணைக்கு முந்தின நாள் கோயில் திருவிழா. முதல் பிரசாதத் தட்டு சின்னையா வீட்டுக்கு என்பது அவர் இறந்தபின் ஊர் வைத்த வழக்கம். பிச்சைமுத்து தட்டோடு வந்தார்.

"பதில் கெடச்சுச்சாம்மா?"

கலாதேவி அந்தப் பதிலை அச்சிட்ட தாளை நீட்டினாள். "படிச்சிட்டு அம்மாவுக்குக் குடுங்க மாமா."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். "இத வச்சா ஜெயிச்சிடலாம்," என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முந்தானையை ஏந்தி நின்ற செல்லாயியைத் தாண்டி, தட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

செல்லாயி சிரித்தாள். "என்னண்ணே, என்னய மறந்துட்டீங்களா?"