சிபாரிசுக்கு மசியாத மாத்திரை

அருணகிரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். உருவுகிறான் என்று பேர்தான். பாதிக் காம்பு கீரையோடு முறத்தில் விழுந்தது. மூன்றாவது கீமோ ஏற்றிக்கொண்டு மதியம்தான் வீடு திரும்பியிருந்த வேண்டா சுவரில் சாய்ந்தபடி அதைப் பார்த்தாள். மதுராந்தகத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மூட்டை மூட்டையாகக் கீரை பார்த்த கண்.

"மாட்டுக்கா ஆயுற?"

"முடி கொட்டிச்சே, இந்த வாய் கொட்டிச்சா பாரு," என்றான் புருஷன்.

கழுத்தில் நெல்லிக்காயாக வந்த கட்டி ஒரே மாதத்தில் எலுமிச்சை ஆனது. நிணநீர்ப் புற்றுநோய், வேகமாகப் பரவுகிற ரகம் என்றார்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். டாக்டர் வசுமதி விளக்கமாகத்தான் சொன்னார். வழக்கமான கீமோ எல்லாருக்கும் உண்டு. கூடவே புதிதாக ஒரு மாத்திரை. கெட்ட செல்லைத் தேடிப்போய் அடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும், டாக்டருக்கே தெரியாது. பிடிக்காவிட்டால் எப்போதும் விலகலாம். வேண்டா யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டருக்கே தெரியாது என்பதை அவள் அண்ணன் ஜெயக்குமாரால்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஜல்லி லாரி ஓட்டுகிற முதலாளி, கட்சியில் ஒரு பொறுப்பு. மின் இணைப்பிலிருந்து மகளின் காலேஜ் சீட்டு வரை அவன் கேட்டு நடக்காதது இல்லை. நடக்காததை அவன் கேட்டதாகச் சொல்வதும் இல்லை. நாலாவதும் பெண்ணா என்று இவளுக்கு வேண்டா என்று பேர் வைத்த குடும்பம், இப்போது அசல் மாத்திரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது.

அன்று காலை சால்வையும் மைசூர்பாகு டப்பாவுமாக ஜெயக்குமார் வார்டுக்குள் நுழைந்தான். டாக்டர் தோளில் சால்வையைப் போர்த்திவிட்டு, போட்டோ எடுக்க ஆள் தேடினான்.

"மேடம், நம்ம தங்கச்சிக்கு ஒரிஜினலா பாத்துக் குடுங்க. மேலேர்ந்து போன் வரும்."

"யார் போன் பண்ணாலும் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சோதனையே வீண்." டாக்டர் சால்வையை மடித்து அவன் கையிலேயே வைத்தார்.

டப்பாவை மட்டும் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த புதுப்பட்டினத்து ஜெனிஃபர் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் அதே நோய், அதே குலுக்கல். "எனக்கும் சேத்து சொல்லுங்கண்ணா," என்று சிரித்தாள். வேண்டாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பட்ட அவமானம் ஆறாமல் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான் ஜெயக்குமார்.

"மாப்ள, அந்தம்மா தெரிஞ்சிகினே மறைக்குது. நாளைக்கே பேரை எடுத்துர்றோம். மெட்ராஸ்ல நம்ம ஆளு கீறாரு."

"அவதான மச்சான் கையெழுத்துப் போட்டா..."

"நீ கீரைய ஆய்யி."

அருணகிரி குனிந்து கீரையை ஆய்ந்தான். மச்சான் பேச்சுக்கு இவன் மறுபேச்சுப் பேசி வேண்டா பார்த்ததில்லை. சும்மா இருந்தால் நாளைக்குக் காரில் ஏற்றிவிடுவார்கள், சோதனையில் கிடைத்த இடமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, உன் மூஞ்சிக்காவ எனக்கு ஒரிஜினலே குடுத்துட்டாங்கன்னு வச்சிக்க. டம்மி யாருக்குப் போவும்? அந்த ஜெனிஃபருக்கா? அதுக்குத்தான் ஸ்வீட்டா?"

ஜெயக்குமார் அடிக்காத போனை எடுத்துப் பார்த்தான்.

அவள் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து, அவன் பார்க்கவே வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரில் விழுங்கினாள்.

"சொல்லிகினே கீறேன், திமிரு பாரு! காலைல ஏழு மணிக்குக் கார் அனுப்பட்டுமா, வேணாவா?"

வேண்டா புருஷன் மடியிலிருந்த முறத்தைப் பிடுங்கிக்கொண்டு, காம்பு பொறுக்க அடுப்படிக்குப் போனாள்.