சுவரில் ஒட்டிய குடும்பம்

காலி டின்னில் அரிசி விழுகிற சத்தமும் பாதி நிறைந்த டின்னில் அரிசி விழுகிற சத்தமும் வேறு வேறு என்பது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. முதலாவது தகரத்தில் தூறல் விழுவதுபோல் சடசடக்கும். மற்றது மண்ணில் மண் விழுந்ததுபோல் அடங்கிப்போகும். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயல் நடுவே இருந்த பெரியம்மா வீட்டு அடுக்களையில், காலையில் உலை கொதிக்கும் முன்பே, களைவதற்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து பெரியம்மா ஒரு கை அள்ளி, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, பழைய பிஸ்கட் டின்னில் போடுவாள். அதற்குப் 'பிடியரிசி' என்று பெயர். எங்கள் சபையில் வீடு தவறாமல் பெண்கள் அப்படி எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள் (தேவாலயத்தை நாங்கள் 'கோயில்' என்றுதான் சொல்வோம்). அதை ஏலம் விட்டு, வருவதை மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்புவார்கள். அடுப்பெரியவே கஷ்டப்படுகிற வீட்டில்கூட அந்தக் கைப்பிடி நிற்காது. "நமக்கு ஒரு வாய் கொறஞ்சா செத்தா போவோம்?" என்பது பெரியம்மாவின் பேச்சு.

மற்ற வீடுகளில் அந்த அரிசி முகம் தெரியாத யாருக்கோ போயிற்று. எங்கள் வீட்டில் அது என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போயிற்று.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருஷம், சபையின் வருடாந்தரக் கூட்டமான கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார், "வடக்கே மலைக்காட்டுக்குப் போக யார் ஆயத்தமோ அவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று கேட்டபோது அப்பா எழுந்தார். அம்மா பெண்கள் பக்கத்தில், ஓலைப் பாயில், மடியில் தம்பியும் பக்கத்தில் நானுமாக உட்கார்ந்திருந்தாள். அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளும் எழுந்தாள். பிற்பாடு பெரியம்மா, "ஏட்டி, உன்ன ஆரு எந்திரிக்கச் சொன்னது?" என்று சண்டை பிடித்தபோது, "அவிய நிக்கும்போ நான் இருக்கவா முடியும்?" என்று மட்டும் சொன்னாள். அம்மா எழுந்ததும் நானும் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். பந்தலே திரும்பிப் பார்த்தது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் போன இடத்தில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள், நான் பெரியம்மா வீட்டில் தங்கினேன். நாகர்கோவில் ஸ்டேஷனுக்குச் சபை முழுக்க வந்து பாட்டுப் பாடி வழியனுப்பியது. நான் அழவில்லை. சபையின் பெரியவர் ஒருவர் என் தலையில் கை வைத்து, "கண்டியளா, ஆண்டவருக்காக அப்பா அம்மையவே விட்டுக்குடுத்த பிள்ள, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல" என்று எல்லாருக்கும் காட்டினார். நான் எங்கே விட்டுக்கொடுத்தேன்? 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்கிற பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் அவர் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள்.

போகும் முன்பு கோட்டாற்றில் ஒரு ஸ்டூடியோவில் எங்களை நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். அதை அச்சடித்து, கீழே எங்கள் பேர்களைப் போட்டு, 'இவர்களுக்காக ஜெபியுங்கள்' என்று ஓர் அட்டையாக வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். 'ஜெப அட்டை' என்று பெயர். அப்பா, அம்மா, நான், தம்பி எபனேசர்; அவனை எபி என்றுதான் கூப்பிடுவோம். எபி மட்டும் படத்தில் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். போட்டோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டியிருந்தார். சபையில் எந்த வீட்டுக்குப் போனாலும், பிடியரிசி டின்னுக்கு மேலே, மைதாப் பசையில் ஒட்டி, நாங்கள் நாலு பேரும் சுவரில் நின்றோம். மாவு வாங்கப் போனாலும் நான் அங்கே நிற்பேன், முருங்கைக்கீரை கேட்டுப் போனாலும் நிற்பேன். அதனால் எனக்கு ஒரு சின்ன வம்புக்குக்கூட வழியில்லாமல் போயிற்று. மாங்காய்க்குக் கல்லெறிந்தால், "ஏட்டி, மிஷனெரிக்க மவ செய்யக்கூடிய காரியமா இது?" என்பார்கள். கணக்கில் மார்க் குறைந்தால், "அப்பா அங்க கஷ்டப்படுகாரு, நீ இங்க இப்பிடியா?" என்பார்கள். ஊருக்கே பொதுப்பிள்ளையாக இருப்பதில் ஒரு சிரமம் உண்டு, அடிக்க எல்லாருக்கும் உரிமை இருக்கும், மடியில் போட்டுக்கொள்ளத்தான் யாரும் வரமாட்டார்கள். பெரியம்மா நல்லவள், ஆனால் எந்நேரமும் கையில் வேலை உள்ளவள், அவளிடம் போய், "அம்மா எப்ப வருவா?" என்று கேட்டால், செய்துகொண்டிருந்த வேலையை விடாமல், "ஜெபம் பண்ணு மக்கா, வருவா" என்பாள். நானும் பண்ணினேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஐயர் வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்தது. போதகரை எங்கள் ஊரில் 'ஐயர்' என்போம். அவர் குடையை மடக்காமலே வாசலில் நின்று சொன்னார்: எபிக்குக் காய்ச்சல் வந்ததாம், ஆஸ்பத்திரி தூரமாம், அப்பா தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினாராம், பாதி வழியில் போய்விட்டானாம், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலமே சுவரிலிருந்த அட்டையை ஓரம் கிழியாமல் உரித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞாபகார்த்த ஜெபம் நடந்தது. வந்தவர்கள் எல்லாம், "கர்த்தர் எடுத்துக்கிட்டாரு, அவருக்க சித்தம்" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். எனக்கு எபி போன துக்கத்தோடு கூடவே இன்னொன்றும் மனசுக்குள் ஓடியது: இனி அம்மா அங்கே இருக்கமாட்டாள், திரும்பி வந்துவிடுவாள். அந்த நினைப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டில் தங்கபாய் மாமி இருந்தாள். புருஷன் கல்ஃபில், இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு பசுவும் அவளுமாகக் காலம் தள்ளினாள். ஒரு சாயங்காலம் உறைமோர் வாங்கப் போனபோது அவர்கள் குடும்ப ஜெபத்தில் இருந்தார்கள், நானும் முழங்காலிட்டேன். மாமியின் ஜெபம் ஒரே தடத்தில் ஓடுகிற டவுன் பஸ் மாதிரி. கல்ஃபில் இருக்கிற புருஷன், ஐயர், ஐயரம்மா, பசு, அதன் மடிவீக்கம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று, எங்கள் அட்டைக்கு வந்தது. அப்பா பேர், அம்மா பேர், என் பேர். அடுத்து, மூச்சு விடாமல், "எபிக்குட்டிக்கு நல்ல சொகத்தக் குடும் ஆண்டவரே, அவன் வளந்து ஆளாவட்டு" என்றாள்.

ஞாபகார்த்த ஜெபத்தில் எல்லாரையும்விட சத்தமாக அழுதவள் அவள்தான். செத்துப்போனது அவளுக்குத் தெரியாமலா? அட்டையிலிருந்து மனப்பாடமான பேர், வாய்க்குப் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவளுடைய பிள்ளைகளோடு சேர்ந்து, அவர்களைவிடச் சத்தமாக, "ஆமென்" என்றேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். எங்கள் வீட்டில் எபி பெட்டிக்குள் கிடந்தான். மாமி வீட்டுச் சுவரில் சாவிக்கொத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருந்தான். "தெனம் அங்க என்னட்டி சோலி?" என்று பெரியம்மா சந்தேகப்பட்டாள். ஜெபத்துக்குப் போகிறேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

அடுத்த கன்வென்ஷனுக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா பாதியாக இருந்தாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், ஆனால் கை அப்படியே இருக்கும்போதே கண் எங்கேயோ போய்விடும். பந்தலில் அப்பா, கர்த்தர் தங்களை நடத்திவந்ததைப் பற்றிச் சாட்சி சொன்னார். அம்மா பக்கத்தில் நின்றாள். மறுநாள் சாயங்காலம் தங்கபாய் மாமி, "வாங்க மோளே, ஒரு வாய் சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்று அம்மாவை வீட்டுக்கு அழைத்தாள். சாயாவுக்கு முன்பு ஜெபம்.

நான் கண்ணை மூடாமல் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன், ஐயர், ஐயரம்மா, பசு. அப்பா பேர். எதிரே முழங்காலிட்டிருக்கிற அம்மாவின் பேர். என் பேர். பழகின நாக்கு நிற்குமா? "எபிக்குட்டிக்கு நல்ல சொகத்தக் குடும் ஆண்டவரே" என்று மாமி சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் வழக்கம்போல "ஆமென்" என்றன.

"எனக்க மோளே, இந்தச் சவத்து நாக்கு..." என்று மாமி தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாதீங்க அக்கா. சொல்லுங்க. அவன் பேர இங்க ஒருத்தரும் சொல்லமாட்டக்காவ. எடுத்துக்கிட்டாரு, எடுத்துக்கிட்டாருன்னுதான் சொல்லுகாவ. பேரு கொண்டு சொன்னது நீங்க ஒருத்திதான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். சாயா ஆறிப்போயிற்று.

திரும்பி வரும்போது அம்மா வீட்டுக்குள் போகாமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். இருட்டுகிற நேரம், வயலில் கொக்கெல்லாம் போய்விட்டிருந்தது. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததை நான் கேட்டேன். "இனி நீ இங்கதான நிக்கப் போற?"

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். என் பின்னலை அவிழ்த்து, மறுபடி பின்ன ஆரம்பித்தாள். "அவன அந்த மண்ணுல தனியா விட்டுட்டு நான் எப்பிடி மக்கா இங்க இருக்கது?"

"நானும் தனியாத்தான நிக்கேன்" என்றேன்.

"உனக்குப் பெரியம்மை உண்டு மக்கா. அவனுக்கு ஆரு உண்டு?"

  'பெத்த மனம் பித்து' என்பார்கள். அந்தப் பித்து எந்தப் பிள்ளை பக்கம் சாயும் என்று யார் சொல்ல முடியும்?

கன்வென்ஷன் கடைசி நாளில் பிரசங்கியார் அம்மாவை மேடைக்கு அழைத்து நிறுத்தினார். "கலப்பையில் வைத்த கையை எடுக்காத தாய் இவர். பிள்ளையை விதைத்த மண்ணுக்கே திரும்பிப் போகிறார்" என்றார். பந்தல் முழுக்க "அல்லேலூயா" என்றது. அம்மா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்காகப் போகிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது, பிரசங்கியார் மேலும், எபி மேலும்கூட. ஸ்டேஷனில் மறுபடி பாட்டு, மறுபடி அதே பெரியவர். நான் மறுபடியும் அழவில்லை; அழாமல் இருப்பது அதற்குள் எனக்கு ஒரு வேலையாகவே ஆகியிருந்தது.

அவர்கள் செய்த ஊழியம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா கடைசியில் அந்த மலையில்தான் கண்ணை மூடினாள், எபிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறாள். அடக்கத்துக்குப் போனபோது, அவள் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களும், அவள் பிரசவம் பார்த்த பெண்களும் தங்கள் பாஷையில் 'அம்மா, அம்மா' என்று புரண்டு அழுதார்கள். என்னைத் தூரத்துச் சொந்தக்காரி என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சீஷனானவன் தன் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் சிலுவையின் ஒரு முனையை யாரையும் கேட்காமல் ஒரு பிள்ளையின் தோளில் வைத்துவிட்டு, 'பார், எவ்வளவு அழகாகச் சுமக்கிறாள்' என்று சொல்வதை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை.

இப்போது பிடியரிசி இல்லை. பாக்கெட் அரிசிக்காரர்கள் ஆகிவிட்டோம், காணிக்கை போனிலேயே போய்விடுகிறது. சுவரில் அட்டையும் இல்லை. டைல்ஸில் பசை ஒட்டாது. தங்கபாய் மாமியைப் போல முகம் தெரியாத பிள்ளையின் பேரை நாக்குப் பழகும்வரை சொல்ல யாருக்கும் நேரமும் இல்லை. சபை வாட்ஸ்அப் குழுவில் படம் வருகிறது, கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் விழுகின்றன, சாயங்காலத்துக்குள் அது யாருடைய பிறந்தநாள் வாழ்த்துக்கோ அடியில் போய்விடுகிறது.

சமீபத்தில் அப்படி ஒரு படம் வந்தது. இளம் தம்பதி, வடக்கே போகிறார்கள், நடுவில் முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை. நான் கைகூப்பவில்லை. நம்பரைத் தேடிப் பிடித்து அந்தத் தாய்க்குப் போன் போட்டேன். "பிள்ள எங்க நிக்கா?" என்று கேட்டேன். "நாகர்கோயில்ல ஹாஸ்டல்ல விட்டிருக்கோம் அக்கா" என்றாள், குரல் அங்கேயே உடைந்தது.

சனிக்கிழமைகளில் நான் அந்த ஹாஸ்டலுக்குப் போகிறேன். முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுபோவேன். "வந்த நாள்லயிருந்து ஒரு நாள் அழுததில்ல இந்தப் பிள்ள" என்று வார்டன் பெருமையாகச் சொன்னார். போன சனிக்கிழமை அவள் கையில் முந்திரிக்கொத்தை வைத்துக்கொண்டு, தின்னாமல், "ஆன்ட்டி, எங்க அம்மா எப்ப வருவாவ?" என்று கேட்டாள்.

'ஜெபம் பண்ணு மக்கா, வருவா.' வந்துவிட்டது நாக்கு நுனிக்கு, பழகின நாக்கு அல்லவா? விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது மக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதடு கோணிற்று, அழ ஆரம்பித்தாள். வார்டன் அங்கிருந்து ஓடிவந்தார். நான் அவரைக் கையால் தடுத்துவிட்டு, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.