அப்பாவின் இனிஷியல்

கல்யாண விடுப்பு கேட்டு ஓசூர் கம்பெனியின் டைம் ஆபீஸில் ஒரு பத்திரிகை வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. விடுப்பு முடிந்து போனால் என் கார்டில் அப்பாவின் எழுத்து இல்லை. அதே கம்பெனியில் வேறு ஷிப்டில் இருந்த கணவரின் எழுத்து ஏறியிருந்தது. "நீ அலைய வேணாம்னு நானே மாத்திட்டம்மா" என்றார் கிளார்க். கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் அவர் அப்படிச் செய்வார். அதற்கு இனிப்பு கொடுப்பது வழக்கம். நானும் கொடுத்தேன்.

சில வருடங்களில் கிருஷ்ணகிரி கோர்ட்டில் விவாகரத்து ஆனது. தீர்ப்பு நகலோடு அதே மேசை முன்னால் நின்றேன்.

"இத வெச்சி மாத்த முடியாதும்மா. கெஜட்ல வரணும்."

"மொதல்ல மாத்துறப்ப கெஜட் கேக்கலையே சார்?"

"அது கல்யாணம்மா, அதுக்கு யாரு கேப்பாங்க?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சென்னையில் எந்த ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்று விசாரித்துச் சொன்னதும் அவர்தான்.

பக்கத்து மெஷின்காரி கேட்டாள்: "ஒத்த எழுத்து உன்ன என்னாடி பண்ணுது? கடிக்குதா?"

கடித்தது. விட்டு வந்த ஆளின் எழுத்தைப் போட்டுத்தான் தினமும் கையெழுத்திட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பத்தாவது வரை போனது நான் ஒருத்திதான். அந்தச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் எழுத்து. படிக்கத் தெரியாதவர், அந்த ஒரு எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார்.

மனுவுக்கு அவர் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று எங்கள் ஊரான நாகரசம்பட்டிக்குப் போனேன். குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வேணாம் பாப்பா" என்றார். தங்கைக்குப் போச்சம்பள்ளியில் இடம் பேசி முடிக்கும் நேரம். பெரிய பெண்ணும் மாப்பிள்ளையும் ஓசூரில் சேர்ந்திருப்பதாக அந்த வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"கோர்ட்டே முடிச்சி வெச்சிடுச்சேப்பா."

"கோர்ட்டுல நடந்தது இங்க யாருக்குத் தெரியும்? அவ கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் என் பேர தாராளமா எழுதிக்க."

"அதுவர அவன் பேர சொமக்கணுமா?"

"இத்தினி நாளு சொமந்தியே" என்றார். மோர் கொண்டுவந்த தங்கை எங்கள் இருவரையும் பார்க்காமல் சொம்பை வைத்துவிட்டுப் போனாள்.

ஓசூர் திரும்பிய மறுநாளே மனுவைத் தபாலில் சேர்த்தேன். பொய் சொன்னவர் அவர், அதற்கு என் பெயரை ஏன் அடகு வைக்க வேண்டும் என்று கோபம்.

கெஜட் வந்தது. கார்டை மாற்றிய கிளார்க், கம்பெனி வழக்கப்படி பெயர் மாற்றத்தை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார். முன்பு என் கல்யாணத்துக்கு எதையும் ஒட்டவில்லை. கேன்டீனுக்குப் போகிற வழியில் எல்லோரும் நின்று படித்தார்கள். போச்சம்பள்ளி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவர் எங்கள் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்தது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே போச்சம்பள்ளிக்காரர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "அத்துக்கிட்டு வந்தது கூட பெருசில்லீங்க. மறைச்சீங்க பாருங்க, அதான்" என்று தட்டை மாற்றாமல் எழுந்துவிட்டார்கள்.

தீபாவளிக்குப் போனபோது அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டதும் தோப்புக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஏற்ற வந்த தங்கைதான் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்க்கா."

மறைத்தது நான் இல்லை, போர்டில் ஒட்டியதும் நான் இல்லை என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். நான் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அதை அவளிடம் சொல்லத்தான் முடியவில்லை.

இப்போது தங்கைக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். என் விஷயத்தை அப்பா முதலிலேயே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.