குழாய்க்குள் ஒன்பது சென்டிமீட்டர்

கட்டுக்கதை என்று சொல்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. இது என் கூடப்பிறந்த தங்கைக்கு நடந்தது. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே "ஆதாரம் இருக்கா?" என்று வாயடைக்கிறவள் அவள். அவளே சொன்னதால்தான் நான் நம்புகிறேன். அதுவும் நடந்தது பட்டப்பகலில்.

கடலை அளப்பது அவள் வேலை. செயற்கைக்கோள் ஒன்று பத்து நாளுக்கொருமுறை அவர்கள் ஊர்க் கடலைக் கடந்து போகும். மேலிருந்து ரேடார் அலையை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கடல்மட்டத்தைக் கணக்கிடுவார்கள். காற்றில் ஈரம் கூடினால் தாமதம் வரும், கடல் கொந்தளித்தால் எதிரொலி குழம்பும். அந்தப் பிழைகளையெல்லாம் கழித்த பிறகு வரும் கணக்கு சரிதானா என்று பார்க்க, துறைமுக மேடையின் நுனியில் ஒரு சின்ன அறை. அங்கிருந்து ஒரு குழாய் கடலுக்குள் இறங்குகிறது. குழாயின் மூடிக்கு அடியில் ஒரு குட்டி ரேடார், கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதமாகச் சொல்லவில்லை. குழாய்க்குள் மட்டும் தண்ணீர் ஒன்பது சென்டிமீட்டர் உயரமாகக் காட்டியது. எந்தப் பிழையைக் கழித்தாலும் அந்த ஒன்பது மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் மேலதிகாரி, "குழாயோட அடிவாய் அடைச்சிருக்கும். சுத்தம் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

கடலுக்குள் இறங்க டைவர் வேண்டும். அந்தத் துறைமுகத்தில் இருந்த ஒரே டைவர் எங்கள் மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன். முந்தின வருஷம் தண்ணீருக்கடியில் மூச்சுத் திணறிப் பிழைத்து வந்த மனுஷன். இனி ஆழத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று என்னிடம் சொன்னவள், தன் ஒன்பது சென்டிமீட்டருக்காக அவரையே இறக்க வேண்டியதாகிவிட்டது.

"ஏங்க, பார்த்து... ஏதாவது ஒரு மாதிரி இருந்தா உடனே மேல வந்துடுங்க."

"ஒரு குழாயைச் சுரண்டப் போறேன், போருக்கா போறேன்?" என்று சிரித்துவிட்டு இறங்கினார்.

மணி ஒன்று ஐம்பது. செயற்கைக்கோள் வர இன்னும் இருபத்து நான்கு நிமிடம். அவள் அறைக்குள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தண்ணீர் மூடியிலிருந்து 3.12 மீட்டர் கீழே. சற்று நேரத்தில் குழாய்க்குள் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்...

அவர் சுரண்டுகிறார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

திரையில் எண் மாறியது. 2.90.

பிறகு 2.60.

தண்ணீர் ஏறுகிறதா? பெரிய அலை வருகிறதா? அவர் கீழே இருக்கிறாரே! பதறி ஜன்னலுக்கு ஓடினாள். கடல் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. ஏணிப் பக்கம் பார்த்தாள்.

அவர் மேடைமேல் உட்கார்ந்திருந்தார். முகமூடியைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதும்மா!" என்று கையாட்டினார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது...

கர்ர்... கர்ர்...

குழாய்க்குள் இன்னும் சுரண்டல்.

1.80.

அந்தக் குழாய்க்குள் ஒரு கை நுழையும். தோள் நுழையாது.

1.10.

சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது.

0.40.

0.00.

சத்தம் நின்றது. மூடிக்கு நேர் கீழே.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் பத்து வருஷப் பழக்கம். பூஜ்யம் காட்டினால் ரேடாரில் ஏதோ ஒட்டியிருக்கிறது, மூடியைத் திறந்து துடைக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையின் பாலபாடம். அவள் கை தன்பாட்டில் நான்கு திருகாணிகளையும் கழற்றியது.

திறந்தாள்.

ஒன்றுமில்லை. வெகு கீழே கருப்பாகத் தண்ணீர். முகத்தை உரசிக்கொண்டு ஒரு குளிர்ந்த காற்று மட்டும் வெளியே போனது.

அவள் துடைத்து மூடினாள். திரையில் 3.21. ஒன்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பதினான்குக்குச் செயற்கைக்கோள் கடந்து போனது. இரண்டு கணக்கும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. மேலதிகாரி போனில் பாராட்டித் தள்ளினார்.

வண்டியில் திரும்பும்போது மாப்பிள்ளை சொன்னாராம்: "அடிவாயில கையை விட்டேனா... யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பாசின்னு நினைச்சு உதறினேன். விட்டுடுச்சு."

அதோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

போன மாதம் பழைய குழாயைக் கழற்றிப் புதிது போட்டார்கள். பழையதை நீளவாக்கில் அறுத்த ஃபிட்டர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே தண்ணீர் மட்டம்வரை சிப்பியும் அதற்கு மேல் உப்புப் படிவும் அப்பியிருந்தது. அடிவாயிலிருந்து மூடிவரை அதைக் கீறிக்கொண்டு ஐந்தைந்து கோடுகள். நகத் தடம். யாரோ பிடித்துப் பிடித்து ஏறியது போல.

ஏறிய தடம் மட்டும்தான். இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "இவரு தூக்கத்துல வலது கையை விரிக்கவே மாட்டேங்கிறாருக்கா. நான் பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே ஈரமா இருக்கு" என்றாள்.

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"அக்கா... மூடியைத் திறந்துவிட்டது நான்தானே?"