கடிகாரத்தைப் படம் பிடித்த ஆர்டிஸ்

மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் வெஸ்ட் ஆர்டனில் யாரையும் புதைக்க முடியாது. இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் அறையில் வைத்துவிட்டு, மண் இளகக் காத்திருப்பார்கள். ஹோலிஸ் டிங்லியின் மனைவி வெல்டா ஜனவரியில் கர்த்தரிடம் போனாள். ஏப்ரல் பிறந்ததும் ஊர்க் கூட்டத்தில் ஹோலிஸ் எழுந்து நின்றார். ஈஸ்டருக்கு முன்னால் அவளை அடக்கம் செய்ய வேண்டும், கல்லறைப் பாதையில் கிடக்கும் பனியை ஒதுக்க ஊர் லாரியை அனுப்ப முடியுமா என்று கேட்டார். கேட்டு முடிக்கவில்லை. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அழுதார்.

அந்தக் கூட்டத்தை ஊர்ச் சேனலுக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ் குயிம்பி. தலைவர் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, மறுபடி தட்டி முடிக்கும் வரை எதையும் வெட்டக் கூடாது என்பது சேனலின் விதி. ஊரார் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் சேனல் அது. ஆர்டிஸ் எதையும் வெட்டவில்லை. கேமராவை மெல்லத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். ஹோலிஸ் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, மிச்சத்தையும் பேசி உட்காரும் வரை டிவியில் கடிகாரம்தான் தெரிந்தது.

மறுநாள் கடையில் கார்ல்டன் ஸ்ப்ராக் அவளைப் பிடித்துக்கொண்டார். ஊர்த் திட்டக் குழுவின் தலைவர் அவர். நல்ல மனுஷர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

“என்ன ஆர்டிஸ், நேத்து கேமராவப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டியா? எங்க வீட்டு டிவியில வெறும் கடிகாரம்தான் ஓடுச்சு.”

“நின்னு போச்சோன்னு ஒரு சந்தேகம் கண்ணு. அதான் பாத்தேன். நல்லாத்தான் ஓடுது.”

அடுத்த வரிசையில் ரொட்டி எடுத்துக்கொண்டிருந்த ஹோலிஸின் காதில் இது விழுந்தது. தான் அழுததை ஊர் முழுக்கப் பார்த்திருக்கும் என்று கூசிக்கொண்டு வந்திருந்தவர் அவர். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றார்.  

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்தில் ஏறும் பிள்ளைகளிலிருந்து போதகர் வரை அவளுக்கு எல்லாரும் ‘கண்ணு’தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மாலையில் ஏற்றும் வரை வேறு வேலை கிடையாது. ஊர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் ஊர்ச் சேனல் இருந்தது. அங்கே கேமரா வகுப்பு நடத்துகிறார்கள், படித்து முடித்த யாரும் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள்.

“நான் படம் பிடிக்கக் கத்துக்கணும்னு போகல,” என்று பிற்பாடு சொல்வாள். “அங்க கதகதன்னு இருந்துச்சு. அதான் போனேன்.”

அப்படிப் போனவள்தான் ‘சனிக்கிழமைப் பானை’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினாள். சனிக்கிழமை மாலையில் ஏதாவது ஒரு தேவாலயச் சபையில் பீன்ஸ் விருந்து இருக்கும். அந்த வாரம் யார் பானை வைக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கு முந்தின நாளே கேமராவோடு போய்விடுவாள். காய்ந்த பீன்ஸ் விதையில் கல் பொறுக்குவதையும், ஊறப் போடுவதையும், பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகும் சேர்த்து அடுப்பில் ஏற்றுவதையும் பொறுமையாகப் படம் பிடிப்பாள். வெங்காயம் போடலாமா கூடாதா என்று வீட்டுக்காரர்கள் போடும் சண்டையையும் விடமாட்டாள். கடைசியில் பானை சபை மேசைக்கு வரும். பானை வைத்தவர் சாப்பாட்டு ஜெபம் சொல்வார். ‘ஆமென்’ என்றதும் கேமராவை அணைத்துவிடுவாள். சாப்பிடுகிறவர்களின் வாயைப் படம் பிடிப்பது மரியாதை இல்லை என்பாள்.

வெல்டாவும் ஒரு முறை அந்த நிகழ்ச்சியில் வந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஹோலிஸ் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வெல்டா பானை வச்ச கேசட் இருக்கா ஆர்டிஸ்?”

“இருக்கணுமே. எதுக்குக் கண்ணு?”

“வீட்டுல ஜெபம் சொல்றது எப்பவும் அவதான். அவளே கட்டின ஜெபம். நாப்பது வருஷம் கேட்டிருக்கேன். இப்ப தட்டு முன்னால உக்காந்தா முதல் வரிதான் வருது. அடுத்த வரி வரமாட்டேங்குது.” தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். “சூப்பு ஆறிப் போகுது. நன்றி சொல்லாமச் சாப்பிடவும் மனசு வரல.”

ஆர்டிஸ் அலமாரியில் தேடினாள். கேசட் கிடைத்தது. வெல்டாவின் பெயர் எழுதிய தாளுக்கு மேல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. ‘திட்டக் குழு, ஜல்லிக் குழி விண்ணப்பம்’ என்று அதில் ஆர்டிஸின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. சேனலில் கேசட்டுகள் குறைவு. ஒரு நிகழ்ச்சி சில வாரம் ஓடி முடிந்தால், அந்தக் கேசட்டிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது அங்கே வழக்கம். போன வருஷ வசந்தத்தில் வெல்டாவின் நிகழ்ச்சி மேல் திட்டக் குழுவைப் பதிவு செய்தவள் அவளேதான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “அழிச்சுட்டேன் ஹோலிஸ். நானேதான் அழிச்சேன்.” அப்போது மட்டும் ‘கண்ணு’ என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

“சரி,” என்றார் ஹோலிஸ். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். அந்த ‘சரி’யைத் தாங்குவதைவிட நாலு வசவு வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சேனலில் வேறு எதுவும் ஓடாத நேரத்தில் அறிவிப்புகள் வரும். காணாமல் போன பூனை, குப்பை வண்டி வரும் நாள். அவற்றோடு இதையும் சேர்த்தாள்: ‘வெல்டா டிங்லி வந்த சனிக்கிழமைப் பானையை யாராவது வீட்டில் பதிவு செய்திருந்தால் தயவுசெய்து கொண்டு வரவும்.’ ஊரார் கொண்டு வந்தார்கள். ஒன்றில் ஐஸ் ஹாக்கி இருந்தது, இன்னொன்றில் யாரோ ஒருத்தியின் கல்யாணம். ஒரு கிழவர் கொண்டு வந்ததில் அவர் வீட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது, முழு கேசட்டும். எதிலும் வெல்டா இல்லை. ஆர்டிஸ் தினமும் காலையில் பேருந்தைக் கிளப்பும் முன் கர்த்தரிடம் இதையே கேட்டாள்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கார்ல்டன் ஸ்ப்ராக்கும் வந்தார். கையில் கேசட் இல்லை.

“என் கூட்டமா அவ மேல ஏறி உக்காந்துருக்கு? இனிமே ஹோலிஸ் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அதுவும் எந்தக் கூட்டம்! அன்னைக்கு ஓடையில மீன் ஏற ஆரம்பிச்சிருச்சு. குழுக்காரன் ஒருத்தனுக்கும் இருப்புக் கொள்ளல. எல்லாரும் வலையை வண்டியிலயே போட்டுக்கிட்டு வந்துருக்கான். நான் ரப்பர் பூட்ஸோட உக்காந்து, ஜல்லிக்காரன அடுத்த மாசம் வாய்யான்னு சொல்லிட்டுச் சுத்தியலத் தட்டினேன். கூட்டமா அது?”

காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸின் கை நின்றது.

“சீக்கிரம் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சுதாவா? ஆரம்பிச்சாதானே முடியறதுக்கு!”

ஆர்டிஸ் கேமராவைச் சுத்தியல் தட்டியதும் நிறுத்துகிறவள். சேனலில் போடும்போதும் சுத்தியல் தட்டியதும் கேசட்டை நிறுத்தி அறிவிப்புகளுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு அப்பால் அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. கூட்டம் சின்னது. பானை நிகழ்ச்சியோ நீளமானது. ஜெபம் வருவதோ கடைசியில்.

“கார்ல்டன் கண்ணு, உன் வாய்க்கு இன்னைக்குத்தான் ஒரு புண்ணியம் கெடச்சிருக்கு. போய் ஹோலிஸக் கூட்டிட்டு வா.”

கேசட்டை ஹோலிஸ் வரும் வரை அவள் தொடவில்லை. முதலில் தான் பார்த்து, ஒன்றும் இல்லாவிட்டால் அவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுதான். அது சரியில்லை என்று விட்டாள்.

மூவரும் சின்ன டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். படத்தில் கார்ல்டன் சுத்தியலைத் தட்டினார், நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. திரை வெளுத்துப் புள்ளி புள்ளியாக இரைந்தது. பிறகு பானையிலிருந்து ஆவி பறந்தது.

“...வெங்காயமா?” என்றது வெல்டாவின் குரல். அவள் துணியால் பானையைப் பிடித்துச் சபை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். “ஹோலிஸ் நாப்பது வருஷமா கேக்குறார். நானும் நாப்பது வருஷமா போடறேன்னுதான் சொல்றேன். போட்டதில்ல. அவரும் வெங்காயம் இருந்தாத்தான் ருசின்னு சொல்லிச் சாப்பிடுறார்.”

கார்ல்டன் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஹோலிஸ் டிவியைப் பார்த்து, “அடிப்பாவி,” என்றார்.

யாரோ ஜெபம் என்று சொன்னார்கள். வெல்டா கைகளைக் கோத்தாள். அவள் வாயைத் திறந்ததும் படம் கீழே சரிந்தது. முகம் போனது. மேசை ஓரமும், பானையும், கோத்த இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

“என்னம்மா இது?” என்றார் கார்ல்டன்.

“ஜெபம்னா நான் கண்ண மூடித் தலையக் குனிஞ்சிருவேன். கேமராவும் என்கூடவே குனிஞ்சிருச்சு.”

குரல் மட்டும் தெளிவாக வந்தது. “ஆண்டவரே, இந்தப் பானைக்கும் இதத் தூக்கிட்டு வந்த கைக்கும் நன்றி. இன்னும் வந்து சேராதவங்களுக்கு ஒரு கரண்டி மிச்சம் வையும். வந்து சேந்தவங்க அவங்கள மறக்காம இருக்கப் பண்ணும். ஆமென்.”

படம் அணைந்தது.

“ஒரு கரண்டி மிச்சம்,” என்றார் ஹோலிஸ் மெதுவாக. “இதுதான். இந்த வரிதான் வரல.” வாய்க்குள் ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஆர்டிஸைப் பார்த்தார். “என் மூஞ்சியத்தான் காட்டல. அவ மூஞ்சியையும் காட்டலியே நீ.”

“படம் பிடிக்க வர்றதுக்கு முன்னாலயே எனக்கு ஜெபம் பழகிருச்சு கண்ணு.”

அவள் அதை வேறு கேசட்டில் நகல் எடுத்துக் கொடுத்தாள். ஹோலிஸ் கேட்டுக்கொண்டபடி சேனலிலும் போட்டாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் விருந்து நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பானையும் இரண்டு கைகளும் ஊர்ச் சேனலில் வரும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் தட்டைத் தொடாமல் அதற்காகக் காத்திருந்தார்கள். வெங்காயப் பேச்சை மட்டும் ஹோலிஸ் ஊராருக்குக் காட்ட விடவில்லை. ஆனால் கார்ல்டன் அறிந்தால் ஊர் அறிந்த மாதிரிதானே.

சில வருஷம் கழித்து ஆர்டிஸின் பார்வை மங்கத் தொடங்கியது. பேருந்துச் சாவியை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கேமராவைத் துடைத்து அதன் அலமாரியில் வைத்தாள். பக்கத்து மாநிலத்தில் இருந்த தங்கை அவளை அழைத்துப் போக வந்தாள். பெட்டிகளைக் காரில் ஏற்றியவர் ஹோலிஸ்தான். ஒரு மூடி போட்ட பானையையும் பின் இருக்கையில், கவிழாதபடி துணி சுற்றி வைத்தார்.

“வெங்காயம் போட்டிருக்கியா?” என்று ஆர்டிஸ் கேட்டாள்.

“போட்டிருக்கேன்னுதான் சொல்வேன்,” என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர்கள் இருவரும் சந்தித்ததில்லை. கார் கிளம்பும் நேரத்தில் ஹோலிஸ் தொப்பியைக் கழற்றினார், அதை முகத்துக்கு நேரே கொண்டுபோனார். ஆர்டிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“அழாத கண்ணு. நான் வேற பக்கம் திரும்பிக்கலாம்னு பாத்தா, இங்க பக்கத்துல ஒரு கடிகாரம்கூட இல்ல.”